கால்வாய்க்கரை ஆலை நிலம் குடியிருப்பாகும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் நீங்கள் குடியிருக்கும் தெருவுக்குப் பின்னால் ஒரு கால்வாய். அதன் கரையில் பல வருடமாகப் பூட்டிக் கிடக்கும் ஆலைக் கட்டடங்கள், பக்கத்திலேயே பழைய கேஸ் தொழிற்சாலை இருந்த நிலம். அங்கே வீடு, கடை, அலுவலகம், பட்டறை எல்லாம் கலந்த ஒரு புதுக் குடியிருப்பு வரப்போகிறது என்று கவுன்சிலிலிருந்து அறிவிப்பு வந்திருக்கிறது. இது சொல்கிறபடி நடக்குமா, இல்லை கடைசியில் வெறும் அடுக்குமாடி வரிசையாக முடியுமா, நம்மைப் போன்ற பக்கத்துக் குடித்தனக்காரர்கள் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நடக்கும். நன்றாக நடந்த இடங்கள் இருக்கின்றன. ஆனால் இந்த மாதிரித் திட்ட ஆவணங்களைப் பல வருடமாகப் படித்து வருகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: அவர்கள் காட்டும் வண்ணப் படங்களில் உங்கள் கண் மேலே போகும், எட்டு மாடியா பன்னிரண்டு மாடியா என்று எண்ணத் தொடங்கிவிடுவீர்கள். உயரம் முக்கியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த இடம் நாலு பேர் புழங்கும் தெருவாக ஆகுமா ஆகாதா என்பதைத் தீர்மானிப்பது தரை. தரைக்கு அடியில் என்ன இருக்கிறது, தரைத்தளத்தில் என்ன வருகிறது, தரைமட்டத்தில் தண்ணீர் வரைக்கும் யார் நடந்து போகலாம், இந்த மூன்றும்தான்.

அடியில் இருந்து தொடங்குவோம், ஏனென்றால் பணமும் காலமும் முதலில் போய் விழுவது அங்கேதான். கேஸ் தொழிற்சாலை என்றால் இன்றைய குழாய் கேஸ் கிடையாது, நிலக்கரியைக் காற்றுப் படாமல் மூடிய அடுப்பில் சுட்டு எடுத்த வாயு. அதை எடுக்கும்போது தார், அம்மோனியா, பீனால், பென்சீன் என்று பலதும் கூடவே வரும். வாயுவைச் சுத்தம் செய்ய இரும்புத் துருவைப் பயன்படுத்தினார்கள், அது சயனைடைப் பிடித்துக்கொண்டு நீல நிறமாக மாறிவிடும். தீர்ந்துபோன அந்த நீலக் கழிவை நிறைய இடங்களில் அங்கேயே மேடு பள்ளம் நிரவப் போட்டுவிட்டார்கள். நூறு வருடம் கழித்துத் தோண்டினாலும் அந்த நீலம் அப்படியே மண்ணில் திட்டுத்திட்டாகத் தெரியும், பார்த்தவர்களுக்கு மறக்காது. நிலத்தடித் தொட்டிகளில் தார் இன்னும் குழம்பாகவே இருக்கும். மூடிக் கிடக்கிற வரை அது பெரிதாகத் தொந்தரவு செய்யாது, தோண்டும்போதுதான் ஊருக்கே மணக்கும்.

மேற்கு லண்டனில் சவுத்தாலில் இதுதான் நடந்தது. கிராண்ட் யூனியன் கால்வாயை ஒட்டிய பழைய கேஸ் தொழிற்சாலை நிலத்தைச் சுத்தப்படுத்தத் தொடங்கியபோது, மாசு மண்ணை ஓரிடத்தில் குவித்து அங்கேயே பதப்படுத்தினார்கள். 'மண் மருத்துவமனை' என்பது இதற்கு அந்தத் தொழிலில் இருக்கும் பெயர். லாரி லாரியாக வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதைவிட அது நல்ல முறைதான். ஆனால் சுற்றியிருந்த மக்கள் நாற்றத்தைப் பற்றி வருடக்கணக்கில் புகார் சொல்லி, கூட்டம் சேர்ந்து போராட வேண்டி வந்தது. அதனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி 'மண் சுத்தமாகிவிடுமா' என்பதல்ல, அதற்கு எல்லாரும் ஆமாம் என்பார்கள். தோண்டுவது எந்த மாதங்களில், வெயில் காலத்திலா குளிர் காலத்திலா? தோண்டும் இடத்தைக் கூடாரம் போட்டு மூடுவார்களா? காற்றை அளக்கும் கருவி உங்கள் தெருப் பக்கம் எத்தனை, அளவுகளை வாரா வாரம் வெளியிடுவார்களா? அளவு தாண்டினால் வேலையை நிறுத்தும் அதிகாரம் யார் கையில்? இதெல்லாம் திட்ட அனுமதியின் நிபந்தனையில் எழுத்தில் இருக்க வேண்டும். பேச்சில் கொடுத்த உறுதி, ஒப்பந்தக்காரர் மாறினதும் போய்விடும்.

அப்புறம் கால்வாயே ஒரு கட்டுமானம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆற்றைப் போல அது தானாக அமைந்ததல்ல. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெட்டிய இங்கிலாந்துக் கால்வாய்களில் பெரும்பாலானவற்றின் அடியிலும் பக்கத்திலும் தண்ணீர் கசியாமல் இருக்க, தண்ணீர் விட்டு மிதித்துப் பிசைந்த களிமண்ணைத்தான் பூசியிருக்கிறார்கள். சிமெண்ட் கிடையாது. அந்தக் களிமண் ஈரமாக இருக்கும் வரை இருநூறு வருடமானாலும் தாங்கும். காய்ந்தாலோ, பக்கத்தில் அஸ்திவாரத்துக்குப் பைல் (தரைக்குள் ஆழமாக இறக்கும் தூண்) அடிக்கும் அதிர்வில் விரிசல் விட்டாலோ, பெரிய மரத்தின் வேர் துளைத்தாலோ கசியத் தொடங்கும். அதனால் கரையோரம் வேலை செய்ய, கால்வாய்களைப் பராமரிக்கும் கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் ஒப்புதல் வேண்டும். இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்களை 2012இல் அரசு அமைப்பிடமிருந்து எடுத்துக்கொண்ட அமைப்பு அது. மழைநீரைக் கால்வாயில் விடுவதற்கும் அவர்களிடம் அனுமதி வாங்கிக் கட்டணம் கட்ட வேண்டும். 'கரையோரம் வரிசையாகப் பெரிய மரங்கள்' என்று ஒரு படத்தில் கண்டால், வேர் எங்கே போகும் என்று கேளுங்கள். பதில் வைத்திருக்கிறவர்கள் வேலை தெரிந்தவர்கள்.

இனி நன்றாக வந்த ஓரிடத்தைப் பார்ப்போம். லண்டன் கிங்ஸ் கிராஸ், ரயில் நிலையங்களுக்குப் பின்னால், 1820இல் திறந்த ரீஜென்ட்ஸ் கால்வாயின் கரை. 67 ஏக்கர். நிலக்கரி, தானியம், கேஸ் என்று ஒரு காலத்தில் லண்டனுக்கே தீனி போட்ட இடம், பிறகு பாழாய்க் கிடந்தது. 1996இல் பிரான்ஸுக்குப் போகும் சேனல் சுரங்க ரயில் செயின்ட் பான்கிராஸுக்கு வரும் என்று முடிவானதும்தான் உயிர் வந்தது. 2000இல் இடத்தைக் கட்டி எழுப்ப ஆர்ஜென்ட் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், கேம்டன் கவுன்சிலின் திட்ட அனுமதி கிடைத்தது 2006இல். ஆறு வருடம் பேச்சுதான். அந்த அனுமதியில் ஒவ்வொரு கட்டடமும் இப்படித்தான் இருக்கும் என்று கட்டிப்போடவில்லை. மொத்தம் சுமார் 80 லட்சம் சதுர அடி, அதற்குள் எது எவ்வளவு வரலாம், தெருக்கள் எங்கே, சதுக்கங்கள் எங்கே என்பதை நிலைநிறுத்திவிட்டு, கட்டடங்களைக் காலத்துக்கு ஏற்ப மாற்ற இடம் விட்டார்கள். தெருவை உறுதியாகவும் கட்டடத்தை நெகிழ்வாகவும் வைத்த அந்த முடிவு எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

ஏன் என்றால் அடுத்து வந்தது 2008இன் பொருளாதாரச் சரிவு. வீடு விற்றுத்தான் பிழைக்க வேண்டும் என்றிருந்த பல திட்டங்கள் அப்படியே நின்றன. கிங்ஸ் கிராஸில் முதலில் வந்தது ஃபிளாட் அல்ல, கல்லூரி. 1852இல் லூயிஸ் கியூபிட் வடிவமைத்த தானியக் கிடங்கைப் பழுதுபார்த்து, அதன் பின்னால் புதிதாகவும் கட்டி, சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரி 2011இல் குடிவந்தது. ஆயிரக்கணக்கான மாணவர்கள் தினமும் வந்து போக ஆரம்பித்தார்கள். அடுத்த வருடம் அதன் முன்னால் கிரானரி சதுக்கம் திறந்தது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீரூற்றுகளோடு. முன்பு அது படகுகள் வந்து நின்று சரக்கு ஏற்றி இறக்கிய நீர்த்துறை, பிற்பாடு தூர்த்துவிட்டார்கள். சதுக்கத்திலிருந்து கால்வாய்க்கு இறங்கும் அகலமான படிக்கட்டு தெற்கு பார்த்தது, கொஞ்சம் வெயில் அடித்தால் போதும், உட்கார இடம் கிடைக்காது. அங்கே யாரும் எதையும் வாங்க வேண்டியதில்லை. வீடு வாங்க வந்தவர்கள் வரும்போதே அங்கே ஆள் நடமாட்டம் இருந்தது. முதலில் மக்கள், பிறகு மாடிகள். உங்கள் ஊர்த் திட்டத்தில் வேலை எந்த வரிசையில் நடக்கும் என்று ஒரு கட்ட வரைபடம் இருக்கும். பூங்காவும் கரைப்பாதையும் கடைசிக் கட்டத்தில் இருந்தால் அவை வராமலே போக வாய்ப்பு அதிகம். கடைசிக் கட்டம் வருவதற்குள் சந்தை ஒரு முறையாவது விழுந்து எழும்.

பழைய பொருட்களைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். இது அலங்கார விஷயம் என்று நினைப்பவர்கள் ரீஜென்ட்ஸ் கால்வாய்க்கரையில் ஒரு நடை போய்ப் பார்க்கலாம். கேம்டன் பக்கம் கரையோரத்தில் தண்ணீரிலிருந்து மேலே ஏறும் சின்னச் சரிவுகள் உண்டு. படகிழுத்த குதிரைகள் ரயில் சத்தத்துக்கு மிரண்டு தண்ணீரில் விழுந்தால் ஏற்றிவிடுவதற்காகக் கட்டியவை. பாலங்களின் மூலையில் இருக்கும் இரும்பில் விரலை வைத்துத் தடவினால் பள்ளம் பள்ளமாக இருக்கும், ஈரக் கயிறு உரசி உரசி அறுத்த தடம். ரீஜென்ட்ஸ் பூங்கா அருகே மேக்கிள்ஸ்ஃபீல்டு பாலம் 1874இல் வெடிமருந்து ஏற்றிய படகு வெடித்துச் சிதறியது. அதைத் திரும்பக் கட்டும்போது பழைய இரும்புத் தூண்களையே எடுத்து, பக்கம் திருப்பி நிறுத்தினார்கள். அதனால் அந்தத் தூண்களில் கயிற்றுத் தடம் இரண்டு பக்கமும் இருக்கிறது. நூற்றைம்பது வருடம் முன்பே மறுபயன்பாடு!

கிங்ஸ் கிராஸில் பழைய கேஸ் கொள்கலன்களைத் தாங்கிய வட்டமான இரும்புச் சட்டகங்களுக்கும் கிட்டத்தட்ட அதே கதைதான். பிரித்து எடுத்து, பழுதுபார்த்து, கால்வாய்க்கு வடக்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். எட்டாம் எண் சட்டகம் பூங்காவைச் சுற்றி நிற்கிறது. ஒன்றோடொன்று ஒட்டிய மூன்று சட்டகங்களுக்குள் 145 வீடுகள் வந்துவிட்டன. ஒன்று எல்லாருக்கும், மூன்று காசுள்ளவர்களுக்கு. இந்தக் கணக்கு எனக்கு உறுத்தும், ஆனால் இடித்து இரும்புக்கு எடை போடுவதைவிட எவ்வளவோ மேல். உங்கள் நிலத்தில் என்ன மிச்சம் இருக்கிறதோ, புகைபோக்கியோ, பாரந்தூக்கியோ, தரைக்கல்லோ, இப்போதே படம் எடுத்துப் பட்டியல் போட்டு அனுப்புங்கள். இடித்த பிறகு சொல்லிப் பயனில்லை.

தரைத்தளத்துக்கு வருகிறேன். 'கலப்புப் பயன்பாடு' தோற்றுப் போவது பெரும்பாலும் இங்கேதான். திட்டத்தில் ஒவ்வொரு கட்டடத்தின் கீழேயும் ஒரு நிறம் பூசி 'கடைகள், உணவகங்கள்' என்று எழுதிவிடுவார்கள். கட்டி முடித்ததும் அது வெறும் கான்கிரீட் கூடாக நிற்கும். தரை இல்லை, மின்சார வேலை இல்லை, சமையல் புகை போக வழி இல்லை. எடுக்கிறவர் வாடகைக்கு மேலே லட்சக்கணக்கில் செலவழித்து உள்ளே எல்லாவற்றையும் செய்துகொள்ள வேண்டும். பெரிய சங்கிலிக் கடைக்கு அது முடியும், ஒரு சைக்கிள் பழுதுபார்ப்பவருக்கோ தையல்காரருக்கோ முடியாது. சங்கிலிக் கடைக்கு அங்கே போதுமான ஆள் கிடையாது. ஆக இரண்டு பேரும் வர மாட்டார்கள். ஐந்து வருடம் கண்ணாடியில் 'வாடகைக்கு' என்று தொங்கும், பிறகு 'கடைக்குத் தேவை இல்லை, வீடாக மாற்ற அனுமதி தாருங்கள்' என்று ஒரு விண்ணப்பம் வரும். நான் பார்த்த ஒரு திட்டத்தில் வரிசையாக எல்லாக் கடைகளும் இப்படியே போயின. இன்றைக்கு அந்தத் தெருவில் நடந்தால் இரண்டு பக்கமும் திரை போட்ட ஜன்னல்தான்.

கடைகளைக் குறைவாக வையுங்கள், மூலைகளிலும் சதுக்கத்திலும் மட்டும் வையுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான். மற்ற இடங்களில் தெருவைப் பார்த்த வீட்டு வாசல்கள் வரட்டும், சாவி போட்டுத் திறக்கும் நிஜ வாசல்கள், பின்பக்கத் தாழ்வாரத்துக்குள் போகிறவை அல்ல. சில கட்டடங்களில் பட்டறை வரட்டும். பட்டறை என்றால் உயரமான கூரை, லாரி நிற்க இடம், தடித்த தளம், சரக்குக் கதவு எல்லாம் ஆரம்ப வரைபடத்திலேயே இருக்க வேண்டும்; இரண்டரை மீட்டர் கூரையை வைத்துக்கொண்டு 'இங்கே தச்சர் வரலாம்' என்றால் வர மாட்டார். சின்னக் கடைகளுக்கு உள்வேலை முடித்தே கொடுப்பது, முதல் சில வருடம் வாடகையைக் குறைப்பது, இதற்கெல்லாம் அந்த இடத்தை விற்றுவிட்டுப் போகாமல் கையில் வைத்திருக்கும் உரிமையாளர் வேண்டும். கிங்ஸ் கிராஸில் மொத்த இடத்தையும் ஒரே கூட்டமைப்பு நீண்ட காலம் கையில் வைத்திருந்ததால் ஒரு சதுக்கத்தில் வந்த நஷ்டத்தை அடுத்த அலுவலகக் கட்டடத்தில் ஈடுகட்ட முடிந்தது. 2018இல் திறந்த அங்கத்திய கோல் டிராப்ஸ் யார்டு கடைவீதிகூட முதல் சில வருடம் திணறத்தான் செய்தது.

ஆனால் ஒரே உரிமையாளர் என்பதற்கு மறுபக்கமும் உண்டு. சதுக்கம் பொது இடம் போலத் தெரியும், சட்டப்படி தனியார் நிலம். 2019இல் கிங்ஸ் கிராஸில் முகத்தை அடையாளம் காணும் கேமராக்கள் பயன்பட்டது வெளியே வந்து பெரிய சர்ச்சையானது நினைவிருக்கலாம். உங்கள் இடத்தின் தெருக்களைக் கவுன்சில் ஏற்குமா, தனியார் பராமரிப்பா, இரவில் பூட்டுவார்களா என்று கேளுங்கள். குறைந்த வாடகை வீடுகள் விஷயத்திலும் அப்படித்தான். கிங்ஸ் கிராஸிலேயே முதலில் ஒப்புக்கொண்ட எண்ணிக்கை பின்னால் குறைந்தது. கவுன்சிலும் கட்டுகிற நிறுவனமும் 106ஆம் பிரிவு ஒப்பந்தம் என்று ஒன்று போடுவார்கள், இந்த மாதிரி வாக்குறுதிகள் எழுத்தில் வருவது அதில்தான். லாபம் குறைந்தால் எண்ணிக்கையைக் குறைக்க அதில் வழி இருந்தால், லாபம் கூடினால் கூட்டவும் வழி இருக்க வேண்டும்.

தண்ணீருக்குப் போகும் வழிகள் எத்தனை என்று எண்ணுங்கள். பழைய ஆலைகள் கால்வாயைப் பார்த்து நிற்கும், தெருப்பக்கம் முழுக்க மதில்தான் இருக்கும். அந்த மதிலை எத்தனை இடத்தில் திறக்கிறார்கள்? பிர்மிங்காமில் போர்ட் லூப் என்ற 43 ஏக்கர் திட்டம் கால்வாய் வளையம் சூழ்ந்த ஒரு தீவு மாதிரி. பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டு கால்வாயை நேராக்கியபோது மிஞ்சிய பழைய வளைவு அது. அங்கே அடுக்குமாடியோடு தோட்டமுள்ள வரிசை வீடுகளும் கட்டுகிறார்கள், நீச்சல் குளத்தோடு லேடிவுட் பொழுதுபோக்கு மையமும் அங்கேயே வந்தது. சுற்றி இருக்கும் பழைய குடியிருப்பிலிருந்து ஒரு குழந்தை நீச்சலுக்கு நடந்து வருகிறது என்றால் மதில் நிஜமாகவே திறந்துவிட்டது என்று அர்த்தம். கிங்ஸ் கிராஸிலும் சோமர்ஸ் டவுன் பக்கத்து மக்கள் கால்வாயைத் தாண்டி நேராக வர ஒரு நடைபாலம் 2017இல்தான் திறந்தது. அதுவரை சுற்றிக்கொண்டு வந்தார்கள். பாலத்தை முதல் கட்டத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

படகில் குடியிருப்பவர்களை மறக்க வேண்டாம். நிரந்தரமாகக் கட்டி நிற்க இடம் இல்லாத படகுகள் பொதுவாக ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது, ஆனால் அந்த 14 நாளில் அடுப்பு எரிய வேண்டும், இன்ஜின் ஓட வேண்டும். புதிதாக வந்த ஃபிளாட்காரர் பால்கனியில் நின்று புகை என்று புகார் கொடுப்பார், படகு நிற்கும் இடத்தையே எடுத்துவிடுவார்கள். கரையில் ஏற்கெனவே இயங்கும் பட்டறைக்கும் இதே ஆபத்து. பின்னால் வருகிறவர்தான் சத்தத்துக்கு ஏற்ற ஜன்னல் போட்டுக்கொள்ள வேண்டும் என்ற கொள்கை 2018இலிருந்து இங்கிலாந்தின் தேசியத் திட்டக் கொள்கையில் தெளிவாக இருக்கிறது. அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

நிழல் பற்றி ஒரு வரி. நிழல் ஆய்வை வழக்கமாக மார்ச் 21ஆம் தேதிக்குப் போட்டுக் காட்டுவார்கள். டிசம்பர் மாத வரைபடத்தையும் கேளுங்கள், தெற்குக் கரையில் உயரமாகக் கட்டினால் தண்ணீரும் பாதையும் குளிர்காலம் முழுக்க இருட்டில்தான். இரவில் அதற்கு நேர்மாறு, விளக்கு கூடிவிடக் கூடாது, தண்ணீரின் மேல் பூச்சி பிடிக்கும் டாபன்டன் வௌவால்களுக்கு இருட்டு வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது. விண்ணப்ப எண்ணைப் போட்டால் கவுன்சில் இணையதளத்தில் நூற்றுக்கணக்கான கோப்புகள் வரும், மலைத்துப் போக வேண்டாம். மண் ஆய்வறிக்கை, வேலைக் கட்டங்களின் வரைபடம், தரைத்தள வரைபடம், இந்த மூன்றையும் முதலில் எடுங்கள். கருத்துச் சொல்லக் குறைந்தது 21 நாள் தருவார்கள், சுற்றுச்சூழல் அறிக்கையோடு வரும் பெரிய விண்ணப்பம் என்றால் 30 நாள். தெருவில் நாலு பேர் பிரித்துக்கொண்டு படித்தால் போதும். மண் அறிக்கையை மட்டும் முதல் வாரத்திலேயே படிக்கத் தொடங்கிவிடுங்கள், அதற்குத்தான் நாள் பிடிக்கும்.